நூலாய் வந்த தண்ணீர்

பெரியவரின் தலையில் ஷாம்பூ நுரை நன்றாகக் கட்டி நிற்கிற நேரம் பார்த்துத்தான் தண்ணீர் காலை வாரியது. முதலில் விரல் கனத்துக்கு வந்தது, பிறகு பென்சில் கனத்துக்கு, பிறகு நூலாக. நூலானதும் கேஸ் ஹீட்டர் 'டப்' என்று அணைந்துகொண்டது. ஓர் அளவுக்காவது தண்ணீர் ஓடினால்தான் அது எரியும், இல்லாவிட்டால் அதற்கு ரோஷம் வந்துவிடும். அடுத்த நொடி பச்சைத்தண்ணீர் பெரியவரின் பிடரியில் இறங்கியது. ஒரு பக்கம் விளங்காத உடம்போடு அவர் தொட்டிக்குள் போட்டிருந்த நாற்காலியில் துள்ளினார்.

"அம்மா, என்னை உயிரோட இருக்கும்போதே குளிப்பாட்டத்தான் உங்களை வரச்சொன்னாங்க. இது கடைசிக் குளியல் மாதிரியில்ல இருக்கு," என்றார்.

அண்ணி ஷவரை மூடிவிட்டு, இரண்டு பெரிய துவாலைகளை எடுத்து அவர் தோளிலும் மடியிலும் போர்த்தினாள். அவளுக்கும் சொந்தமாக ஒரு பெயர் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நாத்தனார் கூப்பிட்டுக் கூப்பிட்டு, குளிக்க வருகிற எழுபது எண்பது வயதுக்காரர்களுக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். இன்று இது மூன்றாவது வீடு. காலையிலிருந்து குனிந்த இடுப்பு இனி நிமிராது என்று சொல்லிக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில்தானா இந்தத் தண்ணீருக்கும் கிறுக்குப் பிடிக்க வேண்டும்?

அது ஒரு பழைய கேரவன். யாரோ வசதிக்காரர்கள் குடும்பத்தோடு ஊர் சுற்றிவிட்டு, அலுத்துப்போய் விற்ற வண்டி. அண்ணியின் கணவர் அதை வாங்கி, உள்ளே இருந்த சோபாவையும் சாப்பாட்டு மேசையையும் பிடுங்கி எறிந்துவிட்டு, நடுவில் ஒரு தொட்டியை வைத்தார். சக்கர நாற்காலியை ஏற்றி இறக்கப் பக்கவாட்டில் ஒரு லிஃப்ட். பின்பக்கம் தண்ணீர் டேங்க், பெஞ்சுக்கு அடியில் பம்ப், அதற்கப்புறம் ஹீட்டர். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை அவரவர் வீட்டு வாசலிலேயே குளிப்பாட்டி அனுப்பும் வண்டி. எந்தெந்த வீடு என்று முதியோர் நல அலுவலகம் காலையில் பட்டியல் கொடுக்கும். அவர் வண்டி ஓட்டுவார், ரிப்பேர் பார்ப்பார். ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷம் வார்டு ஆயாவாக இருந்த அண்ணி குளிப்பாட்டுவாள். கூடமாட ஒத்தாசைக்கு அவருடைய தங்கை.

இப்போது அவர் இல்லை. ஒன்பது மாதம் ஆகிறது. தங்கைதான் வண்டி ஓட்டுகிறாள்.

அந்தத் தங்கைக்கு ஐம்பது ஆகப்போகிறது. ஆனாலும் வீட்டில் கடைக்குட்டி என்பதால் இன்றுவரை பாப்பாதான். இருபது வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டிய பாப்பா. பின்னால் நாற்பது பிள்ளைகள் கத்தினாலும் ஸ்டியரிங்கில் கை ஆடாது. கோபம் மட்டும் மூக்கு நுனியிலேயே குடியிருக்கும்.

அந்தப் பாப்பாவும் அண்ணியும் ஒன்பது மாதமாகப் பேசிக்கொள்வதில்லை. ஒரே வீட்டில் இருக்கிறார்கள், ஒரே அடுப்பில் சமைக்கிறார்கள், ஒரே வண்டியில் எட்டு மணி நேரம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். பேச்சு மட்டும் கிடையாது. சொல்லியே ஆகவேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்வார்கள், கதவைப் பார்த்துச் சொல்வார்கள், குளிக்க வந்தவரைப் பார்த்துச் சொல்வார்கள். ஜாடையிலேயே ஒரு தொழிலை நடத்திவிடலாம் என்று அவர்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

காரணம் சின்னதில்லை. அவர் சாவதற்கு இரண்டு நாள் முன்பு, "நெஞ்சை ஒரு மாதிரி பிடிக்குது" என்று அண்ணியிடம் சொன்னார். உடனே டாக்டரிடம் போகலாம் என்று அவள் மல்லுக்கு நின்றாள். இந்த வாரப் பட்டியல் முடியட்டும் என்று அவர் கெஞ்சினார். மூன்றாம் நாள் காலையில் டேங்குக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே குழாயோடு சரிந்தார். துக்கம் கேட்க வந்தவர்கள் நடுவில் அண்ணி அழுகையோடு அழுகையாக இதை உளறிவிட்டாள். பாப்பா அவள் முகத்தையே பார்த்தாள். "ரெண்டு நாளாத் தெரியுமா உங்களுக்கு? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? சொல்லியிருந்தா அண்ணன் இருந்திருப்பான்." அவ்வளவுதான். அதற்கப்புறம் முகம் பார்த்து ஒரு சொல் இல்லை. பாப்பாகிட்ட சொல்லாதே என்று அவரேதான் கேட்டுக்கொண்டார் என்பதை அண்ணியும் சொல்லவில்லை. செத்துப்போன மனிதர்மேல் எப்படிப் பழியைப் போடுவது?

டிரைவர் சீட்டில் இருந்த பாப்பா திரும்பினாள். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "டேங்க்ல முக்கால் இருக்குன்னு முள் காட்டுது. அப்புறம் ஏன் தண்ணி வரலையாம்?"

"பம்ப் ஓடுதான்னு பார்க்கச் சொல்லுங்க ஐயா," என்றாள் அண்ணி, பெரியவரிடம்.

பெரியவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் சும்மா விடுகிற பழக்கம் இல்லை. "எனக்கு இடது கையும் காலும்தான் வரல, காது ரெண்டும் நல்லா இருக்கு," என்றார். "நீங்க ரெண்டு பேரும் ரெண்டடி தூரத்துல நிக்கிறீங்க. நடுவுல நான் எதுக்கு?"

அண்ணி அவர் தோளில் நழுவிய துவாலையை இழுத்துவிட்டாள்.

வண்டியின் லிஃப்ட் வாசலில் பெரியவரின் மகள் வந்து நின்றாள். வேலைக்கு அரைநாள் விடுப்புப் போட்டவள். மூன்றாம் மாடியிலிருந்து அப்பாவை நாற்காலியோடு இறக்க, கீழ்வீட்டுக்காரர்கள் இரண்டு பேரைக் கெஞ்சிக் கூட்டிவந்தவள். அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் அண்ணியுடையதைவிடப் பெரிதாக இருந்தது. கையில் அலுவலகம் கொடுத்த படிவம்.

"என்ன ஆச்சு? ஏன் நிறுத்திட்டீங்க?"

"ஒண்ணுமில்லம்மா, தண்ணி கொஞ்சம் மக்கர் பண்ணுது. பத்து நிமிஷம்."

"பன்னிரண்டு நாளா தலைக்கு ஊத்தல அவருக்கு. இப்ப சோப்போட உக்கார வெச்சிருக்கீங்க. மூணு மாடி ஏறி நான் வெந்நீர் போட்டுக் கொண்டு வரணும்னா, அப்புறம் நீங்க எதுக்கு?" அவள் கத்தவில்லை. கத்துவதற்குக்கூட அவளிடம் தெம்பு இல்லை. அதுதான் அண்ணியைச் சுட்டது.

படிவத்தின் கடைசியில் 'புகார்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. இந்த மாதத்தில் அதில் இரண்டு பேர் எழுதிவிட்டார்கள். தண்ணீர் சரியாக வரவில்லை, பாதியில் நிறுத்திவிட்டார்கள் என்று. மூன்றாவது வந்தால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம் என்று நேற்றுதான் அலுவலகத்து அம்மாள் போனில் சொன்னாள். பட்டியல் போனால் வண்டி போகும். வண்டி போனால் பாப்பாவும் போய்விடுவாள். பழைய பள்ளிக்கூடத்தில் கூப்பிடுகிறார்கள், அங்கேயே அறை எடுத்துக்கொள்ளப் போவதாக முந்தாநாள் குளிர்சாதனப் பெட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணிக்கு அதுதான் பயம். பேசாவிட்டால் என்ன, அவருடைய அதே மூக்கு, அதே நடை, காபியை ஊதி ஊதிக் குடிக்கிற அதே சத்தம் அந்த வீட்டில் மிச்சம் இருக்கிறதே. அதுவும் போய்விட்டால் அவள் யாருக்காக ஒரு அடுப்பைப் பற்றவைப்பது?

பாப்பா எழுந்து வந்து பெஞ்சுப் பலகையைத் தூக்கினாள். மண்டியிட்டு உள்ளே தலையை விட்டாள். பம்ப் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சளி கட்டின நெஞ்சு மாதிரி கரகரத்தது.

"லைட்டு பளிச்சுனு எரியுது. பேட்டரியில குறை இல்ல," என்று பம்பிடமே சொன்னாள். "பாத்திரம் கழுவுற குழாயிலயும் இப்படித்தான் வருதான்னு பார்த்தா தேவலை."

அண்ணி போய்த் திறந்தாள். அங்கேயும் நூல்தான். "இங்கயும் அதே கதைதான்," என்றாள், குழாயைப் பார்த்து.

அப்படியானால் கோளாறு ஷவரில் மட்டுமல்ல. இதைக் கேட்டதும் அண்ணிக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன நிம்மதி. ஏனென்றால் ஷவரில் அவள் ஒரு வேலை செய்து வைத்திருந்தாள். யாருக்கும் சொல்லவில்லை.

ஆறேழு மாதம் முன்பு ஒரு வாட்ச் ரிப்பேர்காரரைக் குளிப்பாட்டினார்கள். தொண்ணூறு வயது. ஷவர்த் தண்ணீர் விசையோடு அடித்ததில் அவர் தோள்பட்டைத் தோல் நனைந்த காகிதம் மாதிரி கிழிந்துவிட்டது. தொட்டித் தண்ணீரில் ரத்தம். அவர் வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. அன்று வீட்டுக்குப் போனதும் அண்ணி ஒரு மருந்து பாட்டில் மூடியை வட்டமாக வெட்டி, சூடு காட்டிய கோணி ஊசியால் நடுவில் துளை போட்டு, ஷவர்த் தலைக்குள் செருகினாள். மறுநாள் தண்ணீர் சாதுவாக வந்தது. கொஞ்சம் அதிகமாகவே சாதுவாக. ஆனாலும் குளிப்பாட்ட முடிந்தது. இத்தனை மாதம் ஓடியதே, இன்றைக்கு மட்டும் அந்த மூடியா குற்றவாளி?

"இங்க ஒரு கிண்ணம் இருக்கு," என்றது பெஞ்சுக்கு அடியிலிருந்து பாப்பாவின் குரல். "பம்புக்கு முன்னாடி. பிளாஸ்டிக் கிண்ணம், உள்ள வலை."

இதுவரை இரண்டு பேருமே அந்தக் கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்ததில்லை. அண்ணியின் கணவர் இருந்தவரை அது அவர் வேலை. பாப்பா டேங்க் வால்வை அடைத்துவிட்டு அதைக் கழற்றினாள். வலை முழுக்கப் பழுப்புச் சேறு, டேங்கிலிருந்து உரிந்த வெள்ளைச் செதில்கள். அவள் அதை நீட்டினாள். அண்ணி வாங்கி, குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரில் கழுவி, பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்துக் கொடுத்தாள். கைக்குக் கை மாறியது.

"ஐயா, குளிருதா?"

"குளிருதுன்னு சொன்னா வெந்நீர் வந்துருமா?" என்றார் பெரியவர். பல் லேசாக அடித்துக்கொண்டது. அண்ணி தன் சால்வையை எடுத்து அவர் காலைச் சுற்றினாள்.

கிண்ணத்தை மாட்டி, வால்வைத் திறந்து, பம்பைப் போட்டார்கள். கரகரப்பு போய்விட்டது. ஹீட்டர் பற்றிக்கொண்டது. அண்ணி ஷவரைத் திறந்தாள். தண்ணீர் பென்சில் கனத்துக்கு ஏறியது, வெதுவெதுப்பும் வந்தது. அவள் முகம் மலர்வதற்குள் பம்ப் நின்றது. மறுபடி ஓடியது. நின்றது. ஓடியது. விக்கல் எடுத்த மாதிரி. ஹீட்டரும் அதோடு சேர்ந்து அணைந்தது, பற்றியது, அணைந்தது.

வாசலில் மகள் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

பெஞ்சுக்கு அடியில் பாப்பா அசையாமல் கிடந்தாள். கால் இரண்டும் மட்டும் வெளியே தெரிந்தன. செருப்பின் குதிகால் தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பம்ப் போதும்னு நினைச்சு நின்னுடுது. தண்ணி வேகம் ஏறுறதுக்குள்ளயே நின்னுடுது. இதும்மேல ஒரு திருகு இருக்கு. எவ்வளவு வேகம் வரைக்கும் தள்ளணும்னு அதுலதான் வைக்கிறது." ஒரு மூச்சு விட்டாள். "அதை நான்தான் தளர்த்தி வெச்சேன்."

அண்ணி கையிலிருந்த ஷவர்த் தலையைப் பார்த்தாள்.

"அந்த வாட்ச்காரருக்குத் தோள் கிழிஞ்சுதே, அன்னைக்கு. வீட்டுக்குப் போனதும் திரும்ப வண்டிக்கு வந்து தளர்த்தினேன். இங்க யாருக்கும் அவர் தோள் பத்திக் கவலை இருந்த மாதிரி தெரியல. சரி, நாமளே பண்ணுவோம்னு பண்ணினேன்."

சொல்லிவிட்டு அவள் ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருகை முறுக்கினாள். பம்பின் குரல் இறங்கி, கெட்டியாகி, ஒரே சீராக ஒலித்தது. பாத்திரம் கழுவுகிற குழாயைத் திறந்து பார்த்தாள். தண்ணீர் பாய்ந்து வந்து அவள் ரவிக்கையை முழுக்க நனைத்தது.

ஷவரில் மட்டும் அதே பென்சில் கனம்.

பாப்பா முதுகை நிமிர்த்தி ஷவரைப் பார்த்தாள். பிறகு, ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக, அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். அண்ணிக்குக் காது மடல் சுட்டது. திருட்டு முழி என்பார்களே, அது தன் முகத்தில் இருப்பது அவளுக்கே தெரிந்தது. ஷவரை மூடிவிட்டு, அதன் தலையைத் திருகிக் கழற்றினாள். உள்ளே விரலை விட்டு அந்த மூடியை நெம்பி எடுத்து, உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

"இதை நான் வெச்சேன். அதே நாள்தான். சாயங்காலம், நீ கடைக்குப் போயிருந்த நேரம்."

நாத்தனார் மூடியைப் பார்த்தாள். அதில் இருந்த ஊசித் துளையைப் பார்த்தாள். அவள் அங்கே குறைக்க, இவள் இங்கே குறைக்க, மிச்சம் இருந்ததைச் சேறு அடைக்க, இரண்டு பேருமாகச் சேர்ந்து தண்ணீரை வண்டியை விட்டே துரத்தியிருக்கிறார்கள். இரண்டு புகாருக்கும் அந்த ஊசித் துளைதான் சாட்சி. வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். இவர்களுக்குச் சிரிக்கவும் தெம்பு இல்லை.

"சீக்கிரம் மாட்டுங்கம்மா," என்றார் பெரியவர். "நுரையெல்லாம் காஞ்சு மண்டையை இழுக்குது."

மாட்டித் திறந்ததும் தண்ணீர் சாட்டையாக அடித்தது. பெரியவர் அலறினார். அண்ணி சட்டென்று ஷவரைத் தொட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டு கத்தினாள்: "பாப்பா, குறை!"

"எவ்வளவு?"

"கால் சுத்து!"

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம். கொஞ்சூண்டு. போதும், போதும், ஐயோ போதும், கூடப் போயிடுச்சு, ஏத்து!"

"ஒரு பக்கமா சொல்லுங்க அண்ணி!"

"நான் என்ன மீட்டரா வெச்சிருக்கேன்? கையில பட்டாத்தானே தெரியும்!"

அப்படித்தான் பிடித்தார்கள். அண்ணி தன் முன்கையின் உள்பக்கத்தில் தண்ணீரை விட்டுப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள், பாப்பா நகக்கண் அளவுக்கு நகர்த்தி நகர்த்தித் திருகினாள். கடைசியில் வந்த தண்ணீர் கனமாகவும் இருந்தது, தோலுக்கு நோகாமலும் இருந்தது. நல்ல சூடு. பெரியவரின் தலையிலிருந்து நுரை வழிந்து இறங்க, அவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஆ" என்று ஒரு நீளமான மூச்சு விட்டார். வாசலில் நின்ற மகள் அதைக் கேட்டாள். பேனாவைப் பையில் போட்டுவிட்டு, "நல்லா ஊத்துங்க, அவசரம் இல்ல," என்று சொல்லி, அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். உட்கார ஒரு இடம் கிடைத்ததே அவளுக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

மூன்றாவது புகார் இல்லை. வண்டி தப்பித்தது. அண்ணி பெரியவரின் முதுகில் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

"சொல்லியிருக்கலாம்ல அண்ணி?" என்றாள் பாப்பா, பெஞ்சு ஓரத்திலிருந்து. குத்தல் இல்லை, அலுப்புதான். மூடியைப் பற்றித்தான் கேட்டாள். ஆனால் அந்த வார்த்தையை அண்ணி ஒன்பது மாதமாகக் காதுக்குள் வைத்துக்கொண்டிருக்கிறாள். அவளால் தாங்க முடியவில்லை.

"அவர்தான் சொல்லாதேன்னார் பாப்பா."

பாப்பா நிமிர்ந்தாள்.

"நெஞ்சு பிடிக்குதுன்னு சொன்ன அன்னைக்கு. டாக்டர்கிட்ட வாங்கன்னு நான் கத்தாத கத்தல் இல்ல. கேக்கல. சரி, பாப்பாகிட்டயாவது சொல்றேன், அவ சொன்னா கேப்பீங்கன்னேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டார். வேண்டாம், அவ தூக்கிப் போட்டு வண்டியில ஏத்திடுவா, வெள்ளிக்கிழமை வரைக்கும் சொல்லாதேன்னார். நானும் வாயை மூடிக்கிட்டேன். இதை உன்கிட்ட சொன்னா அவரைக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆயிடும்னு..."

பம்ப் சீராக ஓடிக்கொண்டிருந்தது. பாப்பா ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள்.

"என்கிட்டயும் சொன்னான்," என்றாள்.

"என்ன சொன்னார்?"

"பெட்ரோல் பங்க்ல நிக்கும்போது. நெஞ்சுல ஏதோ கல்லு வெச்ச மாதிரி இருக்கு பாப்பான்னான். அண்ணிகிட்ட சொல்லாதே, ஆஸ்பத்திரியில இருந்தவ, அரண்டு போயிடுவா, வெள்ளிக்கிழமை நானே சொல்லிக்கிறேன்னான். நானும் சரின்னுட்டேன் அண்ணி. ரெண்டு நாள் நானும் வெச்சுக்கிட்டுதான் இருந்தேன்."

அண்ணிக்கு முதலில் வந்தது கோபம்தான். அத்தனை பேர் நடுவில் என்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினாயே, ஒன்பது மாதம் முகம் பார்க்காமல் கொன்றாயே, பாவி, உனக்கும் தெரிந்துதானே இருந்தது. நாக்கு வரை வந்தது. அப்போதுதான் அந்த இரண்டு நாள் சாப்பாடு ஞாபகம் வந்தது. ஒரே மேசையில், எதிரும் புதிருமாக, இரண்டு பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் பயந்துகொண்டு, இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கள் என்று அவரை உபசரித்த இரண்டு ராத்திரிகள். யாராவது ஒருத்தி மற்றவளை அடுப்படிக்குக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். இரண்டு பேருமாகச் சேர்ந்து இழுத்துப் போயிருந்தால் அந்த மனிதரால் மறுத்திருக்கவே முடியாது.

"உங்கமேல போடலைன்னா அது முழுசா என்மேலதான் விழும் அண்ணி," என்றாள் பாப்பா. பள்ளிக்கூடப் பேருந்தையே அதட்டி ஓட்டிய குரல் உடைந்து போயிருந்தது. "அதான் உங்கமேல போட்டேன்."

அண்ணி ஷவரை மூடினாள். கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை. ஒரு கை பெரியவரின் விளங்காத தோளைத் தாங்கிக்கொண்டிருந்தது, இன்னொரு கையில் துவாலை. பெரியவர் ஒன்றும் கேட்காதவர் மாதிரி கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

"இப்ப ரெண்டு பேர் மேலயும் விழுந்தாச்சு," என்றாள் அண்ணி. "எழுந்து வா. இவரைத் தூக்கணும், என் ஒருத்தியால முடியாது."